முப்பத்திரண்டு கேள்வித் தரகர்

கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடுக்கில் மூக்கை நீட்டி, "யாரு அது?" என்று தரகர் கேட்கிறார். குரல் பெண்குரல். ஆளுக்கு ஐம்பத்தெட்டு வயது, தொண்ணூறு கிலோ, மேல் உதட்டில் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஒரு மீசை. ஆனாலும் குரல் பெண்குரல்தான். தோளில் மனைவியின் பழைய சால்வை. மூக்கு நுனியில் ஒரு கால் உடைந்த கண்ணாடி. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதில் தொங்குகிற பதினேழு சாவிகளுக்கும் பூட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

கதவுக்கு வெளியே நிற்கிறவர் போன மாதம்தான் சிறையிலிருந்து வந்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கிறார்.

"வீடு வாடகைக்குன்னு..."

"வாடகைக்குத்தான். பின்ன, அழகு பாக்கவா வச்சிருக்கேன்? யாரு அனுப்பினா உன்னை?"

"தரகர் அண்ணன்..."

"எவன், அந்த மீசைக்காரத் தடியனா? அவன் மூஞ்சிக்கு நான் வீடு குடுக்கணுமா?"

நிற்கிறவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. உள்ளேயிருந்து இப்போது கட்டை ஆண்குரலில் தீர்ப்பு வருகிறது.

"சிரிச்சா வீடு போச்சு. போய்யா, மறுபடியும் படிக்கட்டுலேருந்து வா."

அன்றைக்கு அது பதினாலாவது ஒத்திகை.

இதெல்லாம் நடக்கிற இடம் ஒரு சைக்கிள் பழுது பார்க்கிற கடையின் மாடி. இரண்டு அறை, மூன்று மேசை, ஒரு மின்விசிறி. கழுத்து திரும்புகிற மின்விசிறிதான். ஆனால் பொறுப்பாளர் மேடம் பக்கம் திரும்பியது அப்படியே நின்றுவிட்டது. மற்றவர்கள் காற்று வாங்க வேண்டுமென்றால் மேடத்திடம் ஏதாவது சந்தேகம் கேட்கிற சாக்கில் போய் நிற்க வேண்டும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு அடையாள அட்டை, மருத்துவர், வேலை, தங்க இடம் என்று வழி பண்ணிக் கொடுப்பது இங்கே வேலை. முதலில் 'விடுதலையானோர் உதவி மையம்' என்று கீழே பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள். ஒரு குருவிகூடப் படி ஏறவில்லை. ஊர் பார்க்க அந்தப் பலகைக்குக் கீழே நுழைய எவனுக்கு மனசு வரும்? தரகர்தான் அதைக் கழற்றிவிட்டு, 'ஆலோசனை நிலையம்' என்று மொட்டையாக எழுத வைத்தார். அப்புறம் ஆள் வந்தது. கூடவே சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியும், பரீட்சையில் தோற்றவர்களும், தலைமுடி கொட்டுகிறவர்களும் வந்தார்கள். தரகர் ஒருவரையும் விரட்டுவதில்லை. முடி கொட்டுகிறவரிடம் தன் தலையைக் குனிந்து காட்டி, "என்னுது எங்க போச்சுன்னு தெரிஞ்சதும் உனக்குச் சொல்லி அனுப்பறேன்" என்பார். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் மின்விசிறிக் காற்று வாங்குகிற மேடம் பக்கம் கை காட்டுவார்.

இருபத்திரண்டு வருஷம் வீட்டுத் தரகராக இருந்தவர் அவர். ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த வீட்டுக்காரர் வாய் ஒழுகும் என்று விரல் நுனியில் வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் சிறையிலிருந்து வந்த ஓர் ஆளை, 'வெளியூரில் வேலை பார்த்தவர்' என்று சொல்லி ஒரு வீட்டில் குடி வைத்தார். பொய் பத்து நாள் தாங்கியது. பதினோராம் நாள் பக்கத்து வீட்டுக்காரி போட்டுக் கொடுத்தாள். நடுப்பகலில் பாயும் பெட்டியும் தெருவுக்கு வந்தன. தரகர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள் வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். சட்டையைப் பிடிப்பான், நாலு கெட்ட வார்த்தை சொல்வான் என்று இவர் தயாராகப் போனார். அவன் எழுந்து, "உங்களுக்கும் கெட்ட பேராயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். எந்தத் திசையில் போனான் என்று இன்றைக்கு வரைக்கும் தகவல் இல்லை. தரகருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் இந்த மாடி ஏறினவர், இன்னும் இறங்கவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்தான். "அடுத்த வீட்டுக்காரி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ திறந்துடு."

திறப்பது எப்படி என்பதற்குத்தான் முப்பத்திரண்டு கேள்வி. வீட்டுக்காரர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் தன் அனுபவத்திலிருந்து வடிகட்டி, வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். முதல் கேள்வி 'யாரு அனுப்பினா?' ஆறாவது 'குடும்பம் எங்க?' பன்னிரண்டு 'சிகரெட் பிடிப்பியா?' பதினாறு 'இத்தனை வருஷம் எங்க இருந்த?' பதினேழு 'என்ன பண்ணின?' அதுதான் மலை. அதைத் தாண்டிவிட்டால் இருபத்து மூன்று 'பல்லு விளக்கும்போது ஊரைக் கூட்டற மாதிரி காறுவியா?' என்று பாதை கீழே இறங்கும். கடைசிக் கேள்வி 'என் வீட்டுல ஏதாவது காணாமப் போனா உன்னைக் கேக்கலாமா?' அதற்கு மட்டும் தரகர் பதில் சொல்லித் தருவதில்லை. "அதுக்கு உன் மூஞ்சிதான் பதில். ஒழுங்கா வச்சுக்கோ" என்பார்.

வீட்டுக்காரர்களிலும் அவர் வகை பிரித்திருக்கிறார். பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு வகை. எதைச் சொன்னாலும் 'ஹும்' என்று விட்டு நம்மைத் தேய்த்துவிடுவார்கள். 'எங்க வீட்டுக்காரரைக் கேக்கணும்' என்கிறவர்கள் ஒரு வகை. அந்த வீட்டுக்காரர் பெரும்பாலும் பக்கத்திலேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். 'எனக்கு ஒண்ணுமில்ல, அக்கம்பக்கம் என்ன சொல்லும்?' என்பது மூன்றாவது வகை. இதுதான் மோசம், ஏனென்றால் அக்கம்பக்கத்தோடு யாரும் பேசி ஜெயிக்க முடியாது. அத்தனை வகையையும் தரகர் ஒருவரே நடித்துக் காட்டுவார். ஆனால் எல்லாருக்கும் ஒரே குரல்தான். அது அவர் மாமியார் குரல்.

மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த மனைவி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போய் மேலே வந்து, சால்வையும் கண்ணாடியுமாக இருந்த புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, எங்கம்மா குரலை வச்சுப் பொழப்பு நடத்தறீங்களா?"

"அவங்க இருந்தப்ப என்னை நிக்க வச்சு எத்தனை கேள்வி கேட்டாங்க? அப்பல்லாம் எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியல. இப்ப நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறேன். புண்ணியம் அவங்களுக்குத்தான் போகும்."

மனைவி தூக்கை மேசைமேல் 'ணங்' என்று வைத்தாள். "எங்கம்மா இவ்வளவு நயமாப் பேச மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் மூக்கால பேசுங்க" என்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், "முப்பது வருஷம் இந்த மனுஷனோட தனியாக் குடித்தனம் பண்ணினேன். இப்பத்தான் மாமியார் மருமக சண்டை போடற வீடு மாதிரி கலகலன்னு இருக்கு" என்கிறாள். வீட்டிலும் ஒத்திகை நடக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவரை மையத்தில் ரொட்டிக்காரர் என்பார்கள். உள்ளே போகும்போது லாரி ஓட்டுகிறவர். வெளியே வரும்போது ரொட்டி சுடுகிறவர். ஏழு வருஷம் சிறைச் சமையற்கட்டில் அடுப்பு அவர் பொறுப்பு. மேடம் அவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு ரொட்டிக் கடையில் நிறுத்தினார்கள். முதலாளிக்கு எல்லாம் சொல்லித்தான் அழைத்துப் போனது. முதலாளி ஒரு ரொட்டி சுடச் சொன்னார். சுட்டதைப் பிட்டு வாயில் போட்டார். மென்றுகொண்டே, "எல்லாம் சரி, அடுப்பு மூணரை மணிக்குப் பத்த வைக்கணும்" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டது. ரொட்டிக்காரர் தங்கியிருக்கிற விடுதியில் வெளிக்கதவு திறப்பது காலை ஆறு மணிக்கு. "சனிக்கிழமைக்குள்ள பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டு வா. இல்லேன்னா நான் வேற ஆளைச் சொல்லிடுவேன்" என்று முதலாளி நாள் குறித்துவிட்டார். வேலை கைக்கு எட்டிவிட்டது, இனி வீடு எட்ட வேண்டும்.

ரொட்டிக்காரரிடம் ஒரு குணம். கேட்டால்தான் பேசுவார். கேட்காமல் ஒரு சொல் வராது. ஏழு வருஷம் அப்படிப் பழக்கிவிட்ட இடம் அது. கேட்காமல் வாய் திறந்தவனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருநாள் தரகர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"டீ எப்படி? சூடா இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஸ்ட்ராங்கா இருக்கா?"

"இருக்குதுங்க."

ரொட்டிக்காரர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்புறம்தான் தரகர் தன் டீயை வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் ஜன்னல் வழியாகத் துப்பினார். கீழே சைக்கிள் கடைக்காரர் கத்தினார். தரகர் அதைக் காதில் வாங்காமல் ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"யோவ், இது சர்க்கரை இல்லய்யா, உப்பு! ஏன்யா சொல்லல?"

"உப்பு இருக்கான்னு நீங்க கேக்கலீங்களே."

இப்படிப்பட்ட ஆளுக்கு முப்பத்திரண்டு கேள்வி முறை நன்றாகவே ஒத்துப் போனது. கேட்டால் பதில்; அவ்வளவுதானே? அவர் பதிலை மட்டும் மனப்பாடம் செய்யவில்லை. கேள்வியையும் சேர்த்துத்தான் செய்தார். கேள்வி இல்லாமல் பதில் வராதே! விடுதிக் குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, மூக்கால் ஒரு குரல், நெஞ்சால் ஒரு குரல் என்று இரண்டு பேராகவும் பேசிப் பழகினார். உள்ளே ஏதோ பொம்பளை இருக்கிறாள் என்று விடுதிக் காவலாளி இரண்டு தடவை கதவைத் தட்டினார்.

நாலு வீடு பார்த்தாகிவிட்டது. முதல் வீட்டில் பதினாறாவது கேள்வியோடு கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது வீட்டில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றவர் இன்னும் யோசிக்கிறார். மூன்றாவதில் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றார்கள். நாலாவது வீட்டைக் கெடுத்தது தரகரேதான். வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் இளகியது. உடனே இவருக்குப் பழைய ரத்தம் சூடேறிவிட்டது. "இந்த ஜன்னலைப் பாருங்க, காத்து கால்ல விழுந்து உள்ள வரும்! இந்தச் சுவரைத் தட்டிப் பாருங்க, கோட்டைச் சுவர்! இந்த ரூம்ல குடியிருந்தவன் ஒருத்தன்கூடக் கீழ போனதில்ல, எல்லாம் சொந்த வீடு கட்டிட்டுப் போனவன்தான்!" என்று அடித்து விட்டார். மாடியில் துணி காயப்போட வந்த எதிர்வீட்டு மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, அங்கேயே முன்பணம் கொடுத்து அறையை எடுத்துக்கொண்டான்.

மேடம் அன்றைக்குத் தரகரை மின்விசிறிக்கு நேராக நிறுத்திவைத்துப் பேசினார்கள்.

"சார், அஞ்சாவது வீட்டுக்கு நீங்க கூடப் போகலாம். வாயைத் திறக்கக் கூடாது."

"ஒரு வணக்கம்கூடவா சொல்லக் கூடாது?"

"நீங்க வணக்கத்துலேருந்துதான் சார் ஆரம்பிக்கறீங்க."

ஆகவே வெள்ளிக்கிழமை மதியம், கோலி அளவில் ஒரு புதினா மிட்டாயை வாய்க்குள் அடக்கிக்கொண்டு தரகர் கிளம்பினார். அது கரைகிறவரைக்கும் பேச்சு கிடையாது என்று மேடத்திடம் சத்தியம். மேல் பையில் இன்னும் நாலு மிட்டாய்.

வீடு, ரொட்டிக் கடைக்குப் பின் தெருவில். வீட்டுக்காரம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை; மகள் வேறு ஊரில். குட்டையாக, சுறுசுறுப்பாக, பேச்சுக்கு நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். அறை மாடியில். வெளியிலிருந்து படிக்கட்டு. அந்தம்மா ஐந்து படி ஏறி, ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என் முட்டிக்கு இதுதான் எல்லை. மேல திறந்துதான் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க."

சும்மா சொல்லக் கூடாது, அறை என்றால் அது அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, சுத்தமான தளம். ஜன்னலுக்கு நேர் கீழே ரொட்டிக் கடையின் புகைபோக்கி. வெந்த மாவின் வாசனை அறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ரொட்டிக்காரர் மூக்கை உயர்த்தி ஒரு தடவை இழுத்தார். "கொஞ்சம் தீய விடறாங்க" என்றார். யாரும் கேட்காமல் அவர் பேசி, தரகர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தரகர் பட்ட பாடு சொல்லி மாளாது. குழாயைத் திறந்தார், தண்ணீர் விரல் தடிமனுக்கு விழுந்தது. அதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசலாம். மூடினார். சுவரைத் தட்டினார். ஜன்னல் கதவை ஆட்டினார், முனகவில்லை. புகழ்ச்சியெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, மிட்டாயில் மோதி, வயிற்றுக்கே திரும்பிப் போனது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல அறையை இவ்வளவு மௌனமாக அவர் பார்த்ததில்லை.

கீழே வந்தார்கள். அந்தம்மா கையை நீட்டினார். கையில் சாவி.

"புடிச்சிருந்தா வச்சுக்கோப்பா. நாளைக்கே வந்துடு. வாடகை மத்த இடத்துல என்னவோ அதைக் குடு." சாவியை ரொட்டிக்காரர் கையில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார்.

முடிந்தது. ஒரு கேள்வி இல்லை. யாரு அனுப்பினா என்றுகூட இல்லை. இப்படி ஒரு வகை வீட்டுக்காரரைத் தரகர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை, பட்டியலிலும் இல்லை. 'சாவி கைக்கு வந்தா கால் நிக்கக் கூடாது' என்பது தரகுத் தொழிலின் பாலபாடம். அவர் கால் ஒரு படி இறங்கியும் விட்டது. நாளைக்குச் சனிக்கிழமை. வாயை மூடிக்கொண்டு போனால் ஓர் ஆளுக்கு வேலையும் நிற்கும், வீடும் நிற்கும். எத்தனை நாள் நிற்கும்? பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்துகிற சாக்கில் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரகர் இறக்கிய காலை மறுபடி மேலே வைத்தார். சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது, வாயில் மிட்டாய்.

ரொட்டிக்காரர் நகரவில்லை.

"அம்மா."

"என்னப்பா."

"நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லப்பா."

"இருக்குதுங்கம்மா. கேளுங்க."

"முடியாதுப்பா. முப்பத்தஞ்சு வருஷம் வந்தவங்க போனவங்களை எல்லாம் பேரென்ன, வயசென்ன, எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குதுன்னு கேட்டுக் கேட்டு என் வாயே தேஞ்சு போச்சு. ஓய்வு வாங்கின அன்னிக்கு மாலையைக் கழட்டி வச்சுட்டு ஒரு முடிவு பண்ணினேன். இனிமே செத்தாலும் யாரையும் ஒரு கேள்வி கேக்கறதில்ல. மூணு வருஷமா நிம்மதியா இருக்கேன். என்னை விட்டுடு."

ரொட்டிக்காரர் தரகரைப் பார்த்தார். தரகர் கன்னம் உப்ப வானத்தைப் பார்த்தார். ரொட்டிக்காரர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கால் ஆரம்பித்தார்.

"யாரு அனுப்பினா உன்னை?"

உடனே நெஞ்சுக்குரலில்: "தரகர் அண்ணன் அனுப்பினாருங்கம்மா."

மூக்கு: "என்ன வேலை?"

நெஞ்சு: "ரொட்டிக் கடையிலங்கம்மா. மூணு மணிக்கு எழுந்து போகணும்."

மூக்கு: "குடும்பம் எங்க?"

நெஞ்சு: "அக்கா ஒருத்தி இருக்காங்க. பேசறதில்ல."

அந்தம்மா பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரகரைப் பார்த்து, "இவருக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது" என்றார். தரகர் 'இல்லை' என்று தலையை ஆட்டினார். வாயும் திறக்காமல் கன்னமும் உப்பியிருந்ததால், அவருக்கும் என்னவோ பண்ணுகிறது என்றுதான் அந்தம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். சட்டென்று ரொட்டிக்காரரைப் படியில் பிடித்து உட்கார வைத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ரொட்டிக்காரர் நிறுத்தவில்லை. சிகரெட் கிடையாது என்றார். விருந்தாளி வர மாட்டார்கள் என்றார். "ரேடியோவை அலற விடுவியா?" என்று தன்னைத் தானே மிரட்டி, "ரேடியோவே இல்லீங்கம்மா" என்று தனக்கே பணிந்து பதில் சொன்னார். பக்கத்து மாடிப் பெண் ஒரே துணியை மூன்று தடவை உதறிவிட்டாள்.

"இத்தனை வருஷம் எங்க இருந்த?" என்றது மூக்கு.

"ஜெயில்லங்கம்மா. ஏழு வருஷம்."

அந்தம்மாவின் கண் கடிகாரத்திலிருந்து எழுந்து ரொட்டிக்காரர் முகத்துக்குப் போனது. விரல் மணிக்கட்டிலேயே இருந்தது.

அடுத்த கேள்விக்கு மூக்குக்குரல் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தார். காற்றுதான் வந்தது. கேள்வி வராமல் பதில் எப்படி வரும்? நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகப் பூத்தது. ஒத்திகையில் ஒரு தடவைகூட அந்த ஒரு கேள்வியை அவர் வாயால் கேட்டதே இல்லை. கதவு இடுக்கிலிருந்து தரகர்தான் கேட்டிருக்கிறார். குளியலறையிலும் அந்த இடத்தில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தாண்டிவிடுவார் போலிருக்கிறது.

'மடக்' என்று ஒரு சத்தம். தரகர் மிட்டாயைக் கடித்துவிட்டார். தூள்களை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தொண்ணூறு கிலோ உடம்பு அத்தனையும் ஒடுங்க, மாமியார் குரலில் மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்ணின?"

இதற்குத் தரகர் எழுதிக் கொடுத்த பதில் உண்டு. 'எதிர்பாராம நடந்த ஒரு வருத்தமான சம்பவம்மா, அதுக்குண்டான தண்டனையை முழுசா அனுபவிச்சுட்டேன்.' பழைய தரகு மூளையின் வேலைப்பாடு. ஓட்டை இருக்கிற சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ரொட்டிக்காரர் அதைச் சொல்லவில்லை.

"லாரி நிறுத்தற இடத்துல ஒருத்தனோட தகராறுங்கம்மா. எடம் யாருக்குன்னு. புடிச்சுத் தள்ளினேன். பின்னால சரக்கு ஏத்தற மேடை முடிஞ்சு பள்ளம் இருந்ததை நான் பாக்கல. விழுந்தவன் எழுந்திருக்கல. அன்னிக்கு அவன் பேருகூட எனக்குத் தெரியாது. அப்புறம்தான் சொன்னாங்க."

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்தம்மா குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். பாதியில் விட்ட எண்ணிக்கையை முதலிலிருந்து எண்ணினார் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் முழுசாக எடுத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று தரகருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேகமாத்தான் அடிக்குது. அடிக்கத்தான் செய்யும்." விரலை எடுத்தார். பிறகு தரகர் பக்கம் திரும்பி, "அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எங்க மாமியார் ஞாபகம் வந்துடுச்சு" என்றார்.

"எங்க மாமியாருங்க" என்றார் தரகர்.

"எல்லாருக்கும் ஒரே மாமியார்தான் போல."

ரொட்டிக்காரர் பதினெட்டாவது கேள்விக்கு மூக்கைத் தயார் பண்ணினார். "போதும்ப்பா, போதும்" என்று அந்தம்மா கையைக் காட்டினார். ரொட்டிக்காரர் சாவியை இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினார், திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிற மாதிரி. அந்தம்மா அதை வாங்கவில்லை. தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணு வருஷம் கட்டிக் காப்பாத்தின விரதம். உனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன்."

இரண்டு ஆண்களும் விறைப்பானார்கள்.

"விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து போற ஆளு நீ. போறப்ப கீழ இருக்கிற தண்ணி மோட்டாரைப் போட்டுட்டுப் போவியா? சுவிட்சு தரையோட தரையா வச்சுத் தொலைச்சிருக்காங்க. இந்த முட்டியை வச்சுக்கிட்டு என்னால குனிய முடியல."

பட்டியலில் இல்லாத கேள்வி. ரொட்டிக்காரர் திகைத்துப்போய்த் தரகரைப் பார்த்தார். தரகரின் தொண்டையில் ஒன்றுக்கு மூன்று பதில் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அதில் ஒன்றில் அந்த மோட்டாருக்கே ஒரு புகழ்மாலை இருந்தது. அவர் மேல் பையிலிருந்து இன்னொரு மிட்டாயை எடுக்கப் போனார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கி, மூச்சு வாங்கக் குனிந்து, செருப்புக்கு நாடா கட்ட ஆரம்பித்தார். போட்டிருந்தது ரப்பர் செருப்பு. மேலே ரொட்டிக்காரர் தன் சொந்தக் குரலில் ஏதோ பேச ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி பேசி முடிக்கிறவரைக்கும் அவர் அதைக் கட்டிக்கொண்டே இருந்தார்.